நால்வர் வாசித்த நீலம்

சித்திரை வெயிலுக்குப் பயந்து சென்னை மக்கள் ஓவியம் கேட்கப் போன காலத்தில், வயோலாக்காரர் எபினேசருக்கு ஞாயிறு தவிர எல்லா நாளும் வேலை இருந்தது. ஓவியத்தைப் பார்க்கத்தானே போவார்கள் என்று கேட்கலாம். பார்ப்பதெல்லாம் அதற்கு முந்தைய காலம்.

சாலிகிராமத்தில் மூடிக் கிடந்த ஒரு ரெக்கார்டிங் தியேட்டரைத் தூசி தட்டி, 'பொழுதரங்கம்' என்று பெயர் எழுதி மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரே ஓர் ஓவியம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதற்கு எதிரே நாலு பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். முதல் வயலின் சபேசன், இரண்டாவது வயலின் மணவாளன், தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ க்ளாரா, வயலினைவிடச் சற்றே பெரிய வயோலா எபினேசர். நால்வரும் முப்பது வருஷம் சினிமாப் பாட்டுக்கு வாசித்தவர்கள். பாட்டு எந்தப் படத்துக்கு, யார் ஆடப்போகிறார்கள் என்று ஒருநாளும் கேட்காதவர்கள். கம்ப்யூட்டர் வந்து அந்த வேலையைத் தின்றுவிட்டது. பிறகு நஸ்ரீன் வந்தாள், ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு.

"பெயின்ட்டுன்னு நாம நினைக்கிறது பெயின்ட் இல்ல சார், காஞ்சுபோன நேரம்," என்றாள் முதல்நாள். "கை எங்க வேகமாப் போச்சு, எங்க தயங்குச்சு, ஒரு பூச்சு காயறவரைக்கும் எவ்வளவு காத்திருந்தாங்க, எல்லாம் அடுக்கடுக்கா உள்ளயே இருக்கு. மெஷின் அதைப் படிச்சு நாலு வாத்தியத்துக்குப் பிரிச்சு நொட்டேஷன் எழுதிடும். படத்து முன்னாடி உக்காந்து நீங்க அதை அப்படியே வாசிச்சா..."

"வாசிச்சா?" என்றார் சபேசன்.

"அந்தப் பொழுது திரும்பி வரும்."

"எங்க வரும்மா?"

"இங்கதான். இந்த அறைக்குள்ள."

"வந்தா உக்கார சேர் போடணுமா?" என்று கேட்டாள் க்ளாரா.

சேர் போட வேண்டியிருக்கவில்லை. முதலில் வாசித்த படம் பச்சையும் கடுகு மஞ்சளுமாகக் குழம்பியிருந்தது. எது தலை எது கால் என்று தெரியாத படம். யாரோ எப்போதோ கொடைக்கானலில் ஒரு விடிகாலையில் வரைந்தது. வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. க்ளாராவின் செல்லோவில் ஈரம் கோத்தது. மணவாளனுக்கு ஜலதோஷம் பிடித்தது. இந்த மாதிரி ஜலதோஷம் ஊரைவிட்டுப் போய் முப்பது வருஷம் ஆகிறதே, உங்களுக்கு எப்படி வந்தது என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார்.

பழைய தியேட்டர்களில் யாருக்கு எந்த நொட்டேஷன் என்று பிரித்து எழுதித் தருகிறவரைக் காப்பியிஸ்ட் என்பார்கள். இந்த மெஷினும் அதையேதான் செய்ததால், நால்வரும் அதைக் காப்பியிஸ்ட் என்றே கூப்பிட்டார்கள். இன்றைக்குக் காப்பியிஸ்ட்டுக்கு மூடு சரியில்லை என்பார்கள். நஸ்ரீன் சிரிப்பாள். அந்தச் செல்லப் பெயரால் ஒரு வினை வரும் என்று அவளுக்குத் தெரியாது.

மாம்பழத்தை மாம்பழமாகவே வரைந்த படங்கள் வேலைக்கு ஆகவில்லை. அவற்றை வாசித்தால் மாம்பழ வாசனைதான் வந்தது. வரைந்தவரின் கண் முழுக்க மாம்பழத்தின் மேலேயே இருந்திருக்கிறது. எதையும் பார்க்காமல் வெறும் வண்ணத்தைப் பூசியவர்களிடம்தான் சுற்றியிருந்த அத்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. வெயில், காற்று, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், வரைகிறவரின் முதுகு எல்லாம். தொட முடியாது, பார்க்கலாம், முகர்ந்துகொள்ளலாம்.

இதனால் ஊரில் சில மாறுதல்கள் ஏற்பட்டன. "இதை என் பேரனே வரைவானே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மார்கழியில் வரைந்த படம் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். துக்கத்தில் வரைந்த படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். இளம் ஓவியர்கள் வயிறாரச் சாப்பிட்டு, ஜோக் சொல்ல ஆள் வைத்துச் சிரித்துவிட்டுத்தான் தூரிகையையே எடுத்தார்கள். ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஒரு பெண் ஓவியரின் படத்தை வாசித்தபோது, அவர் வரைந்த அறைக்கு அடுத்த அறையிலிருந்து கேட்ட சிரிப்பு தன் கணவருடையது என்று அந்த வீட்டு அம்மாள் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் படம் இப்போது குடும்ப நீதிமன்றத்தில் இருக்கிறது.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் பல் டாக்டர் வான்மதி ஒரு படத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓவியர் மாசிலாமணியின் மகள். படத்தைப் பார்த்ததும் நஸ்ரீன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டாள். ஆளுயர நீலம். நீலத்துக்குள் நீலம். நடுவில் மேலிருந்து கீழ் மூலைவரை சாய்வாக ஒரு வெள்ளைக் கீறல். அந்தக் கீறலுக்காகவே மாசிலாமணிக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். வானம் பிளக்கும் இடம் என்று விமரிசகர்கள் எழுதினார்கள். சிலர் அதை எழுதியே பேராசிரியர் ஆனார்கள்.

"நாளைக்குக் காலைல எங்கப்பாவை முதியோர் இல்லத்துக்கு அனுப்பறேன். வண்டி சொல்லியாச்சு," என்றார் வான்மதி, சொத்தைப் பல்லைப் பற்றிச் சொல்வதுபோல. "அதுக்கு முன்னாடி இதைப் பாத்துடணும்."

"இதுல என்னம்மா இருக்கு?" என்றார் எபினேசர்.

"நான் இருக்கேன். ஏழு வயசு. ஸ்கூல் ஆண்டு விழா. எனக்கு மயில் வேஷம். நாலு மணிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அப்பா சொன்னார். தோகையெல்லாம் கட்டிக்கிட்டு அவர் ரூம் வாசல்ல நின்னு கூப்பிட்டேன். அவர் திரும்பவே இல்ல. இதை வரைஞ்சுக்கிட்டிருந்தார். அன்னிக்கு மயில் இல்லாமலே முருகன் மலைக்குப் போனார்." க்ளாரா சிரிப்பை அடக்க இருமினாள். வான்மதி அவளைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "சிரிக்கலாம், தப்பில்ல. ஆனா அன்னிலேருந்து இன்னிவரைக்கும் அந்த ஆளு என் மூஞ்சியை நேராப் பாத்துப் பேசினதில்ல. ஒரே வீட்டுலதான் இருக்கோம். காபி குடுத்தா டம்ளரைப் பாத்துப் பேசறார். அன்னிக்கு ஒரே ஒரு தடவை, ஓரக்கண்ணால, என்னைத் திரும்பிப் பாத்திருந்தாருன்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா வண்டி வரட்டும்."

நஸ்ரீன் அன்றைக்கே மெஷினைப் படத்தின்மேல் ஊர விட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நொட்டேஷன் வந்துவிட்டது.

இங்கே சினிமா வாத்தியக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தியேட்டரில் ஐம்பது பேர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். காப்பியிஸ்ட் தூக்கக் கலக்கத்தில் ஒரு சுரத்தைத் தப்பாக எழுதியிருப்பார். கையைத் தூக்கி, "சார், இங்க தப்பு" என்று சொன்னால் டேக் வீணாகும், இசையமைப்பாளர் முகம் சுருங்கும், அப்படிச் சொன்னவனை அடுத்த தடவை கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள். அதனால் நல்ல வாத்தியக்காரன் ஒன்றும் சொல்லமாட்டான். தப்பைக் கண்ணால் பார்த்து, சரியைக் கையால் வாசித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். முப்பது வருஷத்தில் எபினேசரின் விரல்கள் இதை அவரைக் கேட்காமலே செய்யப் பழகியிருந்தன.

வாசித்தார்கள். சபேசனின் வில் மெல்ல இறங்க, மணவாளன் அதன் நிழல்போலப் பின்னால் வந்தார். பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. தண்ணீருக்கடியில் யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவதுபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் பஞ்சு அடைத்த சுவர்களின்மேல் மேற்கு வெயில் சாய்ந்தது. தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் வரிவரியாக விழுந்து எபினேசரின் ஷூமேல் ஏறியது. டர்பன்டைன் வாசனை. எங்கோ ஐஸ்காரன் மணி. நீலம் படத்தைவிட்டு எழுந்துவந்து அறையில் மிதந்தது. அதன் நடுவே, பனியனின் முதுகில் வேர்வை பரவிய ஓர் ஆள்.

"அப்பா," என்றது ஒரு குழந்தைக் குரல், எல்லோருக்கும் பின்னாலிருந்து. முதுகு அசையவில்லை. "அப்பா, மணியாச்சு." தூரிகை போய்க்கொண்டே இருந்தது. "அப்பா!"

வான்மதி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ஒரு விசித்திரம். நிழல் வரிகள் ஷூவிலிருந்து திடீரென்று முழங்காலுக்குத் தாவின. படத்தின் இடப்பக்கம் நின்ற ஆள், கண்ணை மூடித் திறப்பதற்குள், தரையில் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் குரல் அதன்பின் கேட்கவில்லை. முதுகு மட்டும் இருந்தது. மங்கி மங்கி அதுவும் போயிற்று.

"போதும்," என்று வான்மதி எழுந்தார். "தெரிஞ்சதுதான். ரொம்ப நல்லா வாசிச்சீங்க." வெளியே போய்விட்டார்.

நஸ்ரீன் தாள்களைப் புரட்டினாள். "நடுவுல ஒரு துண்டைக் காணோம். பிலிமை வெட்டி ஒட்டினாப்ல. யாராவது எதையாவது விட்டீங்களா?"

"நாங்க விடறதா!" என்று சபேசனுக்குக் கோபம் வந்தது. "ஒரு சுரம் விடல."

எபினேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விடல. ஒரு இடத்துல நீங்க மூணு பேரும் டி-ங்கற சுரத்துல நின்னீங்க. எனக்கு மட்டும் அரைப்படி கீழ, சி ஷார்ப் போட்டிருந்துச்சு. அதுவும் தந்தியைத் தாங்கற குதிரைக்குப் பக்கத்துல, வில்லை நெரிச்சு. காதுல பூச்சி புகுந்தாப்ல இருக்கும். காப்பியிஸ்ட் தப்புதானே? டி-ன்னு வாசிச்சுட்டேன்."

"திருத்தினீங்களா?" என்றாள் நஸ்ரீன்.

"எல்லாரும் பண்றதுதானேம்மா," என்றார் மணவாளன். "கொடைக்கானல் பனியில நானும் ரெண்டு திருத்தினேன்."

"நானும்தான்," என்றாள் க்ளாரா. "அந்த மஞ்சள் படத்துல கொஞ்சம் அதிகமாவே."

நஸ்ரீன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்படின்னா ஊரே இதுவரைக்கும் பாத்தது..."

"திருத்தின பொழுது," என்றார் சபேசன் மெதுவாக. "அதான் எல்லாரும் சந்தோஷமாத் திரும்பிப் போயிருக்கா."

எபினேசர் வெளியே ஓடினார். கார் இன்னும் கிளம்பவில்லை. வான்மதி சாவியைத் திருகாமல் வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரம்மா, நான் ஒரு சுரத்தைத் திருத்திட்டேன்."

"எதுக்கு?"

"பழக்கம்."

"அதுக்கும் எங்கப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியாது. அந்த இடத்துலதான் வெயில் தாவிச்சு. இன்னொரு தடவை வாசிச்சுடறோம். தப்பாவே வாசிக்கிறேன்."

வான்மதி பதில் சொல்வதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கைத்தடியை முதலில் இறக்கி, பிறகு தன்னை இறக்கிக்கொண்டார் மாசிலாமணி. எண்பது தாண்டிய உடம்பு. வேலைக்காரம்மா சொல்லித்தான் வந்திருக்க வேண்டும்.

"மதி, வேணாம்மா," என்றார், கார்க் கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்கு எங்க போகச் சொல்றியோ போறேன். அதை வாசிக்க மட்டும் சொல்லாத."

"வாசிச்சாச்சு. உங்க முதுகைப் பாத்தாச்சு."

"அந்தக் கீறல்கிட்ட வாசிச்சாங்களா?"

"நடுவுல ஒரு இடத்தைத் திருத்திட்டாங்களாம்."

கிழவரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை மகள் பார்த்துவிட்டார். காரை விட்டு இறங்கினார். "உள்ள வாங்கப்பா. இப்ப நீங்களும் கேக்கறீங்க."

மறுபடி வாசித்தார்கள். கண்ணுக்கு முன்னால் தப்பு வருவதைத் தெரிந்துகொண்டே அதை நோக்கிப் போவது எபினேசருக்கு வாழ்க்கையிலேயே முதல்முறை. வெயில் வந்தது, டர்பன்டைன் வந்தது, ஐஸ்காரன் மணி அதே இடத்தில் அடித்தது. மூன்று முறை "அப்பா" கேட்டது. மற்ற மூவரும் டி-யில் போய் நின்றார்கள். எபினேசர் பல்லைக் கடித்துக்கொண்டு, விரலை அரைப்படி கீழே வைத்து, வில்லை நெரித்தார்.

கிறீச் என்ற அந்தச் சத்தத்தில் கதவு திறந்துகொண்டது. மயில் உள்ளே வந்தது.

அட்டையில் செய்த அலகு நெற்றிக்கு ஏறியிருந்தது. தோகையில் ஒரு பக்கம் சரிந்து தரையைப் பெருக்கியது. மயில் நேராகப் படத்திடம் போய், வரைகிறவரின் முழங்கைக்குக் கீழே நுழைந்து, தலையிலிருந்து கொண்டை ஊசியைப் பிடுங்கி, எம்பி, கை எட்டின உயரத்திலிருந்து கீழ் மூலைவரை ஈர நீலத்தை ஒரே இழுப்பாக இழுத்தது. வயோலா அலறி முடிந்தபோது அங்கே ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

மயில் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது, அடி வாங்கத் தயாராக. ஆள் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது மயிலின் தலைக்கு மேலே.

மயில் காத்திருந்தது. நால்வருக்கும் நொட்டேஷனில் அங்கே ஒன்றுமில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு அவர்களும் காத்திருந்தார்கள். கடைசியில் மயில் தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அது போனது அந்த ஆளுக்குத் தெரியவில்லை. கோட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார், இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

அறைக்கு மறுபடி டியூப்லைட் வெளிச்சம் வந்தது.

"எனக்கு ஞாபகமே இல்ல," என்றார் வான்மதி. "வாசல்லயே நின்னேன்னுதான் இத்தனை வருஷமும்..."

"திருத்தறது நாம மட்டும் இல்ல போலிருக்கு," என்று க்ளாரா செல்லோவிடம் சொல்லிக்கொண்டாள்.

வான்மதி அப்பாவிடம் திரும்பினார். "அப்பவும் நீங்க என்னைப் பாக்கல. அதைத்தான் பாத்தீங்க."

"அடிக்கத்தான் திரும்பினேன்," என்றார் மாசிலாமணி, கைத்தடியின் நுனியிடம். "கோட்டைப் பாத்துட்டேன். அப்புறம் எங்கேர்ந்து அடிக்கிறது? மூணு மாசமா அந்தப் படத்துக்கு என்ன குறைன்னு தெரியாம தடவிக்கிட்டிருந்தேன். நீ வந்து ஒரே இழுப்புல முடிச்சுட்டே."

"விருது வாங்கினப்ப சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்னுதான் மேடை ஏறினேன். மாலை போட்டுட்டாங்க. இறங்கினப்புறம் நானும் அந்த மாதிரி ஒண்ணு போட்டுட்டா சொல்லிடலாம்னு நினைச்சேன். போய்க் கொண்டை ஊசி வாங்கினேன். டஜன் டஜனா. கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். வரல. இடது கையால போட்டேன். எம்பிப் போட்டேன். கோவத்தை வரவழைச்சுக்கிட்டுப் போட்டேன். அதுக்கப்புறம் நான் வரைஞ்சதெல்லாமே அந்த ஒரு கோட்டைத் திரும்பப் போட்டுப் பாத்ததுதான். ஒண்ணும் உருப்படல."

"என்னையே கேட்டிருக்கலாம்ல?"

"ஏழு வயசுப் பொண்ணுகிட்ட போய், நீ எப்படிடி அதைப் போட்டேன்னு கேக்கறதா? வெக்கமா இருந்துச்சு. உன் மூஞ்சியைப் பாத்தா கேட்டுடுவேனோன்னு பயம். அதனால பாக்கறதையே விட்டுட்டேன்." கைத்தடியைத் திருப்பிக்கொண்டே, "அப்படியே பழகிப்போச்சு," என்றார்.

மகள் கார்ச் சாவியை எடுத்தார். படத்தைத் தூக்கிக் காரில் வைக்க மணவாளன் உதவினார். பின்சீட்டில் அப்பா, முன்சீட்டில் மகள். இருவரும் போன திசையை எபினேசர் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி வருமா, வராதா? பார்த்தார் என்று கொள்வதா, பார்க்கவில்லை என்று கொள்வதா? ராத்திரி சாப்பாட்டின்போது கடைவாய்ப் பல் ஒன்று வலிப்பதுபோலத் தோன்றியது. அந்தச் சுரத்தை வாசிக்கும்போது பல்லைக் கடித்த கடி.

வலியைப் பொறுத்துப் பார்த்தார். மழைக்காலம்வரை பொறுத்தார். அதற்குமேல் முடியாமல் அசோக் நகரில் வான்மதியின் கிளினிக்குக்குப் போனார்.

காத்திருக்கும் இடத்தில், கன்னம் வீங்கியவர்களுக்கு நடுவே, மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். மடியில் நீலம் பூசிய ஒரு சின்ன கான்வாஸ். ஈரம் இன்னும் காயவில்லை. வேட்டியிலும் கொஞ்சம் நீலம். கையில் டோக்கன்.

"வாங்க வயோலா," என்றார். "நீங்க முன்னாடி போங்க. என்னை எப்படியும் இன்னிக்குக் கூப்பிடமாட்டா."

"பல் வலியா சார்?"

"பல்லே இல்லையேய்யா. ஒரு கோடு கேட்டு வந்திருக்கேன். ஒரே ஒரு கோடு. அன்னிக்கு ராத்திரியே வெக்கத்தை விட்டுக் கேட்டுட்டேன். நாளைக்குப் பாக்கலாம்னா. தினம் காலைல ஒண்ணு பூசி எடுத்துட்டு வரேன். சாயங்காலம் காஞ்சுடுது. நாளைக்குப் பாக்கலாங்கறா."

"இல்லத்துக்கு வண்டி..?"

"அதை வாசலோட திருப்பி அனுப்பிட்டா. கோடு வாங்காம எங்க போறதுன்னு கேட்டா. நியாயம்தானே?"

எபினேசரை உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. வான்மதி முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு, விளக்கைத் திருப்பி, "ஆ" என்றார். எபினேசர் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஒரு குழாயையும் பஞ்சையும் கண்ணாடியையும் வைத்தார் டாக்டர். இனி இவர் ஒன்றும் கேட்க முடியாது என்று நிச்சயமானபின் பேசினார்.

"என்ன கேக்க வந்தீங்கன்னு தெரியும். போட எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது. எங்க, எந்தக் கோணத்துல, எல்லாம் இந்தக் கைக்கு நல்லாவே தெரியுது." டிரில்லை எடுத்துச் சுழற்றிப் பார்த்தார். "போட்டுட்டேன்னு வைங்க, அதை எடுத்துக்கிட்டு நேரா மாடில வரையற ரூமுக்குப் போயிடுவார். அப்புறம் திரும்ப முதுகுதான்."

எபினேசர் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம், மடியில் காய்ந்துகொண்டிருக்கும் நீலத்துடன், மாசிலாமணி கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார். எந்த நொடி மனம் மாறுமோ என்று, மகளின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நல்லாத் திறங்க," என்றார் வான்மதி. முகமூடிக்குப் பின்னால் அவர் சிரித்தாரா என்பது எபினேசருக்குத் தெரியவில்லை.